அத்தியாயம் 7: நிமிடம் யார் கணக்கில்?

மென்பொருள் வாங்கிய கையோடு ஆட்களின் பெயரை ஏற்றி, ஷிஃப்ட் பிரித்து, மறுநாளே எல்லோரையும் கைபேசியில் பஞ்ச் அடிக்கச் சொல்லிவிடுகிறோம். ‘டைம்ஷீட் விதிகள்’ என்ற பக்கத்தை யாரும் திறப்பதில்லை. திறக்காவிட்டாலும் அதில் விதிகள் இருக்கும். மென்பொருளை எழுதியவர் தம் ஊர் வழக்கப்படி போட்டுவைத்த விதிகள் அவை. மாதக் கடைசியில் கூலி ஏன் குறைந்தது என்று ஒருவர் வந்து நிற்பார். “சிஸ்டம் அப்படித்தான் காட்டுது” என்பார் கணக்குப்பிள்ளை. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த விதிக்குச் சம்மதம் சொன்னது முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை.

டைம்ஷீட் விதி ஒவ்வொன்றும் கூலி பற்றிய ஒரு முடிவு. இந்த நிமிடம் யார் கணக்கில் விழவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் மென்பொருள் செய்துவிடும். சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் ஷிஃப்ட்ஸ், பெங்களூரின் கிரேட்எச்ஆர், ஹைதராபாத்தின் கேகா, ஆஸ்திரேலியாவின் டெபுட்டி என்று எதை வாங்கினாலும் பொத்தான்களின் பெயரும் இடமும் மாறுமே தவிர, கேள்விகள் இவைதான். பொத்தான் இருக்கும் இடத்தை அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கம் சொல்லிவிடும். அதில் என்ன எண்ணைப் போடுவது என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் இடம்

ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வானூர் வட்டம் இரும்பையில் ஒரு பொதி கூடம். உப்பைச் சலித்து, அயோடின் சேர்த்து, பாக்கெட் போடுகிறார்கள். மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்த உப்பளம். புதுச்சேரியில் ஒரு கடை. ஒரே டெம்போ மூன்றுக்கும் ஓடும். தேவைப்பட்டால் பொதி கூடத்து ஆள் இரண்டு நாள் கடையில் நிற்பார். ஆட்களுக்கு எல்லாம் ஒரே கம்பெனிதான். சட்டத்துக்கு மட்டும் மூன்றும் மூன்று இடம்.

பொதி கூடம் மின்சாரத்தில் ஓடுகிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்தால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி அது தொழிற்சாலை. உப்பளத்தில் கட்டடமே இல்லையே, அது எப்படித் தொழிற்சாலையாகும் என்று கேட்பீர்கள். இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் உண்டு. பம்பாய் வடாலாவில் சுமார் 250 ஏக்கரில் உப்பளம் நடத்திய அர்தேஷிர் பிவண்டிவாலா, தம்முடையது வெறும் திறந்த நிலம் என்று வாதாடினார். கடல்நீரைப் பாய்ச்சி உப்பாக்குவது உற்பத்திதான், சட்டம் சொல்லும் வளாகத்தில் வெறும் நிலமும் அடங்கும் என்று 1961-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே அந்தச் சட்டப்படி மின்சாரம் இல்லாத உப்பளத்திலும் இருபது பேர் இறங்கினால் வேலை நேரமும் வார விடுமுறையும் ஓ.டி.யும் தொழிற்சாலைக் கணக்குதான். கடைக்கோ புதுச்சேரியின் சொந்தக் கடைகள் நிறுவனங்கள் சட்டம், 1964.

விடுமுறைப் பட்டியலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு பண்டிகைக்காக இன்னும் ஐந்து நாள் சம்பளத்துடன் விடவேண்டும். புதுச்சேரியில் ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள், நவம்பர் 1 விடுதலை நாள். இரும்பையிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் போனால் விடுமுறை மாறிவிடுகிறது.

அதனால் மென்பொருளில் ‘நிறுவனம் முழுமைக்கும் ஒரே விதி’ என்ற வசதியைத் தொடாதீர்கள். மூன்று இடங்களைத் தனித்தனியாக உருவாக்கி, விதிகளையும் விடுமுறைப் பட்டியலையும் இடத்தோடு இணையுங்கள். ஆளோடு இணைத்தால் அவர் கடைக்குப் போன இரண்டு நாளும் தவறான கணக்கில் விழும்.

நாள் எங்கே முடிகிறது, வாரம் எங்கே தொடங்குகிறது

செட்டிங்ஸில் எல்லோரும் அலட்சியமாகத் தாண்டிப் போகும் இரண்டு பெட்டிகள் இவை. அதிகம் பணம் புரளுவதும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாளுக்கான பெட்டியில் ‘நள்ளிரவு 12’ என்று ஏற்கெனவே போட்டிருக்கும். உப்பளத்துக்கு அது சரி. வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள் நள்ளிரவைத் தாண்டுவதில்லை. சிக்கல் பொதி கூடத்தில். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வந்து ஞாயிறு காலை 6 மணிக்குப் போகிறார் ஒருவர். மென்பொருள் இதை இரண்டாக வெட்டுகிறது. சனிக்கிழமை 2 மணி நேரம் என்றால் ‘அரை நாள்கூட இல்லை’ என்று சிவப்புக் கோடு. ஞாயிறு 6 மணி நேரம் என்றால் ‘வார விடுமுறையில் வேலை’ என்று இன்னொரு கோடு. கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? ஞாயிறு நேரத்தைத் தூக்கிச் சனியில் போடுவார். வாராவாரம் கையால் திருத்திப் பழகிய கை, திருத்தக்கூடாத இடத்திலும் திருத்தும்.

சட்டம் இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டில் பின்னிரவு மணிகள் முந்தைய நாள் கணக்கில்தான் சேரும். அவருடைய வார விடுமுறை ஷிஃப்ட் முடிந்த நொடியில் தொடங்கி 24 மணி நேரம் ஓடும். நம் ஆளுக்கு ஞாயிறு காலை 6 முதல் திங்கள் காலை 6 வரை விடுமுறை. மென்பொருளில் ‘ஷிஃப்ட் தொடங்கிய நாளில் சேர்’ என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பொதி கூடத்துக்கு மட்டும் நாளின் எல்லையைக் காலை 6-க்கு நகர்த்துங்கள். உப்பளத்துக்கு இதை நகர்த்தக் கூடாது. அங்கே 4 மணிக்கு வந்தவரின் முதல் இரண்டு மணி நேரம் நேற்றைய கணக்குக்குப் போய்விடும்.

இனி வாரம். வெளிநாட்டு மென்பொருள்கள் பலவற்றில் வாரம் திங்கட்கிழமை தொடங்கும். தொழிற்சாலைச் சட்டத்தில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள். அதாவது ஞாயிறு முதல் சனி வரை. ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்றால், வருகிறது.

ஒருவர் திங்கள் முதல் சனி வரை தினம் 8 மணி நேரம் வேலை செய்கிறார். லாரி வந்து நிற்பதால் ஞாயிறும் 8 மணி நேரம். மாற்று விடுமுறையாகத் திங்கள் விட்டுவிட்டு, செவ்வாய் முதல் சனி வரை மறுபடி தினம் 8. சட்டத்தின் வாரப்படி முதல் வாரம் 48 மணி. இரண்டாம் வாரம் ஞாயிறு 8, செவ்வாய் முதல் சனி வரை 40, ஆக 48. வார ஓ.டி. கிடையாது. வாரம் திங்களில் தொடங்கினால் முதல் வாரம் 56 மணி. 8 மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி. அடுத்த வாரம் 40-தான். அதே ஆள், அதே வேலை, 8 மணி நேர இரட்டைக் கூலி வித்தியாசம். நாட்களை வேறு விதமாக அடுக்கினால் தொழிலாளிக்கு வரவேண்டிய ஓ.டி. காணாமல் போவதும் நடக்கும். முதலாளிகள் முதல் வகைப் பிழையைத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாம் வகையை ஆய்வாளர் கண்டுபிடிக்கிறார்.

மாற்று விடுமுறைக்கும் எல்லை உண்டு. அந்த ஞாயிறுக்கு முன்னும் பின்னும் மூன்று நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் முழு விடுமுறை இல்லாமல் ஓட்டக்கூடாது. ‘தொடர் வேலைநாள்’ எச்சரிக்கை இருந்தால் பத்தில் வைக்காதீர்கள். எட்டில் வைத்தால்தான் ரோஸ்டரை மாற்ற அவகாசம் கிடைக்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் தேதி

எந்த விதியையும் நடைமுறைத் தேதி இல்லாமல் சேமிக்காதீர்கள். காரணம் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தச் சில நாட்களில் அவசரப்பட்டு ஷிஃப்ட் நீளத்தை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டத்தில் நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணி தாண்டினால் இரட்டைக் கூலி, காலாண்டுக்கு ஓ.டி. 50 மணிக்கு மேல் போகக்கூடாது என்பது பொது வரம்பு. புதிய தொகுப்பில் நாளின் எல்லை 8 மணி. தொழிற்சாலை என்பதற்கான ஆள் கணக்கும் மின்சாரம் உண்டென்றால் 20, இல்லையென்றால் 40 என்று உயர்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் பழைய சட்டப் பிரிவுகளைச் சொல்வது, நம் பதிவேடுகளும் பழக்கமும் அவற்றில் ஊறியிருப்பதால். இன்றைய எண்ணைத் தொழிலாளர் துறையிலோ உங்கள் ஆலோசகரிடமோ கேட்டு உறுதிசெய்துகொண்டு ஏற்றுங்கள்.

அப்படி ஏற்றும்போது 9 என்பதை அழித்து 8 என்று எழுதினால், சில மென்பொருள்கள் பழைய மாதங்களையும் புதிய விதியால் திரும்பக் கணக்கிட்டுவிடும். கொடுத்து முடித்த கூலிச்சீட்டு ஒன்று, திரையில் இன்னொன்று என்று ஆகிவிடும். பழைய விதிக்கு முடிவுத் தேதி கொடுங்கள். புதியதைத் தனி விதியாகத் தொடக்கத் தேதியோடு சேருங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

நேரம் பதியும் கடிகாரத்தை அமெரிக்காவில் வில்லர்ட் பண்டி 1888-இல் உருவாக்கினார் என்பார்கள். சாவியைத் திருப்பினால் காகித நாடாவில் நேரம் அச்சாகும். கையால் கூட்டிக் கழித்த காலத்தில் 5:53, 6:04 என்பதெல்லாம் தலைவலி. பக்கத்துக் கால்மணிக்குத் தள்ளிவிட்டால் கணக்கு சுலபம். அந்தச் சோம்பல் இன்றைக்கும் ‘ரவுண்டிங்’ என்ற பெயரில் மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிமுறையில் 15 நிமிடம் வரை இப்படித் தள்ள இடமுண்டு. நாளாவட்டத்தில் இரு பக்கமும் சமன் ஆகவேண்டும் என்பது நிபந்தனை. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2021-இல் உணவு இடைவேளையை இப்படித் தள்ளக்கூடாது என்றது. நொடிக்கணக்கில் கூட்டும் கணினி வந்த பிறகு இதற்கு என்ன நியாயம் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. அதை நாம் இறக்குமதி செய்ய ஒரு காரணமும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். கால்மணி ரவுண்டிங்கில் 5:53-க்கு வந்தவர் 6:00 ஆகிறார். 2:07-க்குப் போனவர் 2:00 ஆகிறார். 6:08-க்கு வந்தவரோ 6:15. ஒழுங்காக முன்பே வந்து, கையில் இருக்கும் மூட்டையைத் தைத்து முடித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் இதில் நஷ்டம். நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 80. தினம் 7 நிமிடம் போனால் 26 நாளில் 182 நிமிடம். 240 ரூபாய்க்கு மேல். ஒருவருக்குச் சின்னத் தொகை. முப்பது பேருக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு, அதை நிறுவனத்தின் சேமிப்பு என்று எழுதிக்கொள்ள மனம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரவுண்டிங்கை ‘இல்லை’ என்று வையுங்கள். ஓ.டி.க்கு மட்டும் முழு எண் வேண்டுமென்றால் மேல்நோக்கித் தள்ளுங்கள். 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு விதிகளிலும் 15 முதல் 30 நிமிடம் வரையிலான ஓ.டி.யை அரை மணியாகக் கொள்ளவேண்டும் என்று மேல்நோக்கித்தான் இருந்தது.

‘மூன்று லேட் என்றால் அரை நாள் கட்’ என்ற விதி நம் நாட்டு மென்பொருள்களில் ஒரே சொடுக்கில் கிடைக்கும். எடுக்காதீர்கள். 1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் கூலியில் பிடிக்க முடியாது. 2019-இன் கூலித் தொகுப்பிலும் அதே கொள்கைதான். பத்துப் பத்து நிமிடமாக மூன்று நாள் தாமதித்தவரிடம் அரை மணிக் கூலிக்கு மேல் பிடித்தால் அது அபராதம். அபராதத்துக்குத் தனி நடைமுறை உண்டு, அதை டைம்ஷீட்டில் ஒளித்துவைக்க முடியாது. சலுகை நேரம் பத்து நிமிடம் கொடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தை நம்பி வருகிறவருக்கு அதுவும் போதாது. சலுகைக்குள் வந்தவர் பெயர் தாமதப் பட்டியலில் வராது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்கூட்டி வருவது இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். ‘ஷிஃப்டுக்கு 5 நிமிடம் முன்புதான் பஞ்ச் அடிக்கலாம்’ என்று பூட்டுப் போடும் வசதி உண்டு. அலுவலகத்துக்குப் பொருந்தலாம். உப்பளத்தில் சித்திரை வைகாசியில் 4 மணி ஷிஃப்டுக்கு மூன்றரைக்கே இறங்கிவிடுவார்கள். பூட்டு போட்டால் வேலை நிற்காது, பதிவுதான் நிற்கும். அந்த அரை மணி நேரம் எந்தத் தாளிலும் இருக்காது. பஞ்சை ஏற்றுக்கொண்டு மேஸ்திரிக்கு அறிவிப்பு போகும்படி வையுங்கள். முன்பே தொடங்கியது உண்மையா என்று அவர் அன்றைக்கே ஒரு வார்த்தை எழுதட்டும்.

இந்த விடிகாலை ஷிஃப்டில் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. உப்பு சுமப்பவர்களில் பெண்கள் நிறைய. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களின் வேலை காலை 6 முதல் இரவு 7 வரைதான். புதிய தொகுப்பு அதற்கு வெளியேயும் வேலை செய்ய இடம் தருகிறது. அவர்களுடைய ஒப்புதலும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். ஆகவே பெண் தொழிலாளி ஒருவரை 6 மணிக்கு முந்தைய ஷிஃப்டில் போடும்போது, ‘ஒப்புதல் பெற்ற தேதி’ என்ற கட்டம் காலியாக இருந்தால் ரோஸ்டர் வெளியாகாதபடி செய்யுங்கள். ஆணா பெண்ணா என்று பார்த்து இப்படித் தடுக்கும் வசதி இல்லாத மென்பொருளில், 4 மணி ஷிஃப்டைத் தனிக் குழுவாக்கி, ஒப்புதல் தந்தவரை மட்டும் அதில் சேர்த்தால் போதும்.

கஞ்சி குடிக்கும் அரை மணி

ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி ஓய்வு தரவேண்டும். மென்பொருள் இதைத் தானாகக் கழித்துவிடும்: ஐந்து மணி தாண்டினால் முப்பது நிமிடம் கட். ஓய்வு கொடுத்தோமா என்று அது கேட்பதில்லை. 4 மணிக்கு இறங்கியவர்கள் ஏழு, ஏழரைக்குக் கரையேறிக் கஞ்சி குடிப்பார்கள். மழை மேகம் கூடிவிட்டால் குடிக்காமலே வாரிக்கொண்டிருப்பார்கள், அன்றைக்கும் அரை மணி போய்விடும். தானியங்கிக் கழிவை நிறுத்திவிட்டு, வெளியே போகும் பஞ்சில் ‘இடைவேளை எடுத்தீர்களா?’ என்ற கேள்வியைத் தமிழில் வையுங்கள். இல்லை என்றால் அரை மணி கூலியில் சேரும். ஒரே குழுவில் வாரம் மூன்று ‘இல்லை’ வந்தால் மேலாளருக்குச் செய்தி போகட்டும். அது கூலிக் கணக்கோடு முடிகிற விஷயமில்லை, உடம்பு சம்பந்தப்பட்டது.

காலையில் வாரிவிட்டு மாலையில் மறுபடி வந்து பாத்திக்கு நீர் கட்டுகிறவருக்கு இன்னொரு வரம்பு இருக்கிறது. இடைவேளையும் சேர்த்து ஒரு நாள் வேலை பத்தரை மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும். 4 முதல் 9, பிறகு 3 முதல் 6 என்றால் வேலை எட்டு மணிதான், நீளம் பதினான்கு. இதை மென்பொருளில் ‘ஸ்ப்ரெட் ஓவர்’ என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆளை இரு வேளையும் போடாமல் இருப்பதுதான் வழி.

வரப்பில்லாத வேலி

கைபேசி எந்த இடத்தில் இருந்தால் பஞ்ச் செல்லும் என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டர் என்று முன்கூட்டியே போட்டிருக்கும். இரும்பைப் பொதி கூடத்துக்குச் சரி. உப்பளத்துக்கு? வடாலா வழக்கின் 250 ஏக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். வட்டமாகவே இருந்தாலும் ஆரம் 570 மீட்டர் வேண்டும். மரக்காணத்து அளங்கள் கழுவெளி ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டி நீள நீளமாகக் கிடப்பவை. ஷெட்டை நடுவாக வைத்து நூறு மீட்டர் போட்டால் கோடியில் உள்ள பாத்தியில் நிற்பவரின் பஞ்ச் ‘வெளியில்’ என்று தள்ளுபடியாகும். பஞ்ச் அடிக்க வரப்பு வழியே ஷெட்டுக்கு நடந்து, மறுபடி பாத்திக்கு நடக்கும் நேரமும் வேலை நேரம்தான். பலகோண வடிவில் எல்லை வரைய முடிந்தால் அளத்தின் எல்லையையே வரையுங்கள். முடியாவிட்டால் இரண்டு மூன்று வட்டங்கள் போடுங்கள். எல்லைக்கு வெளியே விழுந்த பஞ்சைத் தள்ளாமல், குறியிட்டு ஏற்றுக்கொள்ளும்படி வையுங்கள்.

கைரேகைக் கருவியை உப்பளத்துக்கு வாங்குவது வீண். உப்புநீரில் ஊறிய விரலுக்கு ரேகை நிற்பதில்லை, கருவியின் உலோகமும் ஒரு பருவம் தாங்காது. முகம் பார்க்கும் செயலி என்றால் நாலு மணி இருட்டில் ஒரு விளக்காவது வேண்டும்.

படமெடுத்து வருகை பதிவதன் லட்சணம் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். 2023 ஜனவரி 1 முதல் அத்திட்டத்தில் நாளுக்கு இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்தவர்கள் கூலிக்கு அலைந்தார்கள். இன்னொரு பக்கம், படத்தையே படமெடுத்து ஏற்றும் தில்லுமுல்லும் நடப்பதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. உழைத்தவரை வாட்டிய விதி, ஏமாற்றுகிறவரைத் தடுக்கவும் இல்லை. ஆகவே சிக்னல் இல்லாதபோதும் பஞ்சைக் கைபேசியிலேயே சேமித்து, பிறகு அனுப்பும் வசதி இல்லாத மென்பொருளை உப்பளத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள். மேஸ்திரியின் ஒரே கைபேசியில் குழு முழுவதும் பதியும் வசதியும் வேண்டும். எல்லோரிடமும் நல்ல போன் இருக்கும் என்பது நகரத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவரின் நம்பிக்கை.

மூட்டைக் கூலி

பொதி கூடத்தில் தைப்பவர்களும் லாரி ஏற்றுபவர்களும் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அவர்களுக்கு டைம்ஷீட் எதற்கு என்று விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. தவறு. மூட்டைக் கூலிக்காரருக்கும் ஓ.டி. உண்டு. முந்தைய மாதத்தில் அதே வேலையில் முழு நேரம் உழைத்த நாட்களின் சராசரி வருமானத்தை வைத்து மணிக்கூலி கண்டு, அதை இரட்டிப்பாக்கவேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. அந்தச் சராசரிக்கு மணியும் வேண்டும், மூட்டையும் வேண்டும். டைம்ஷீட்டில் ‘அளவு’ என்று ஒரு கூடுதல் கட்டம் திறந்து, குழு எண்ணிக்கையைப் பிரிக்கும் வேலையை மேஸ்திரியிடம் விடுங்கள். முன்பணம் பிடிப்பதை மட்டும் டைம்ஷீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அதற்கான இடம் சம்பளப் பட்டியல்.

மழை நாளுக்கு ஒரு குறி

வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பருவத்தின் நடுவிலும் திடீர் மழை வரும். அந்த நாட்களுக்கு மென்பொருள் தரும் குறிகள் இரண்டுதான்: ‘வரவில்லை’, ‘விடுப்பு’. இரண்டும் பொய். வந்தவரைத் திருப்பி அனுப்பியது மழை. ‘மழை – வேலை இல்லை’ என்று மூன்றாவது குறி ஒன்றை உருவாக்குங்கள்.

இது வெறும் நாகரிகத்துக்காகச் சொல்வது இல்லை. சம்பளத்துடன் விடுப்பு பெற, பழைய சட்டத்தில் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருக்கவேண்டும். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எட்டு மாதம், மாதம் 26 நாள் என்றால் 208. ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த உப்பளத் தொழிலாளிக்கும் 240 எட்டாது. புதிய தொகுப்பில் அந்த எண் 180. அதே 208 நாளுக்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் பத்து நாள் சம்பள விடுப்பு வருகிறது. 175 நாளில் நிற்கும் ஒருவருக்கு மழையில் போன நாட்கள் ‘வரவில்லை’ என்று பதிவானதா, வேலை நிறுத்திவைத்ததாகப் பதிவானதா என்பது இப்போது பணப் பிரச்சினை. ஆண்டு முடிவில் போய்த் தேடினால் இந்தக் குறி கிடைக்காது, அன்றன்றைக்கே போடவேண்டும்.

பூட்டுவதற்கு முன்

ஒப்புதல் வரிசை சுருக்கமானது. தொழிலாளி பார்க்கிறார், மேஸ்திரி ஒப்புகிறார், கணக்குப்பிள்ளை பூட்டுகிறார். வாரக்கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலைநாளிலேயே கூலி கொடுத்தாகவேண்டும் என்பதால், சனிக்கிழமைப் பதிவைப் பூட்டத் திங்கள் வரை காத்திருக்க முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. 3-ஆம் தேதி பூட்டினால் போதும். திருத்தம் செய்தவர் பெயரும் காரணமும் இல்லாமல் திருத்த முடியாதபடி வையுங்கள். திருத்தினால் தொழிலாளியின் கைபேசிக்குத் தமிழில் செய்தி போகவேண்டும். அது மட்டும் ஒழுங்காக நடந்தால் பாதிச் சண்டை வராது.

முதல் இரண்டு கூலி நாட்களுக்குக் காகித மஸ்டரையும் மென்பொருளையும் சேர்த்தே நடத்துங்கள். தொகை வேறுபடும் பெயர்களை மட்டும் எடுத்து, எந்த விதியால் வேறுபட்டது என்று எழுதுங்கள். மென்பொருள்தான் சரி என்று முன்முடிவோடு போகாதீர்கள். இரவு ஷிஃப்ட், ஞாயிறு வேலை, புதுச்சேரிக் கடைக்குப் போன ஆள், மூட்டைக் கூலிக்காரர் என்று நான்கு பேரின் கணக்கு ஒத்துவந்தால் மற்றவர்கள் கணக்கும் பெரும்பாலும் ஒத்துவரும்.

ஒத்துவந்த பிறகும் மஸ்டரை எடைக்குப் போடாதீர்கள். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய வருகைப் பதிவு நிறுவனமான க்ரோனோஸின் சர்வர்களைப் பணயத் தாக்குதல்காரர்கள் முடக்கினார்கள். மருத்துவமனைகளும் நகராட்சிகளும் வாரக்கணக்கில் தாளில் நேரம் எழுதிச் சம்பளம் போட்டன. நமக்கு அதற்குத் தாக்குதல்கூட வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இந்தக் கரையில் மின்சாரமும் சிக்னலும் என்ன ஆனது என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மழைத்தண்ணீர் படாத பையில் ஒரு மஸ்டர் நோட்டும் பேனாவும் ஷெட்டில் இருக்கட்டும். அதில் எழுதிய நாளை மென்பொருளில் ஏற்றும்போது ‘கையால் பதிந்தது’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அன்றைய பதிவோடு இணையுங்கள்.